முப்பத்திநாலு மணி நேரக் கணக்கு

டெல்மர் புரூயிட் கழிப்பறையிலிருந்து விசிலடித்துக்கொண்டே வெளியே வந்தான். கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் கிண்ணம். கல்யாணப் பந்தியில் பாயசம் நீட்டுகிற பவிசோடு அதை நர்ஸிடம் நீட்டி, "சூடா இருக்கு தாயி, பாத்து வாங்கு" என்றான். நர்ஸ் சிரிக்கவில்லை. காலையிலிருந்து இருபது லாரிக்காரர்களிடம் இதே நகைச்சுவையைக் கேட்டிருப்பாள் போலிருக்கிறது. கிண்ணத்தின் வெளியே ஒட்டியிருந்த வெப்பப் பட்டையைப் பார்த்தாள், இரண்டு குப்பிகளில் பிரித்து ஊற்றினாள், அவன் கண் முன்னாலேயே முத்திரை ஒட்டினாள், கையெழுத்துப் போடச் சொன்னாள். டெல்மர் பெரிய மனுசக் கையெழுத்தாகவே போட்டுக் கொடுத்தான்.

திங்கட்கிழமை காலையில் போதைச் சோதனைக்கான கம்பெனிக் கம்ப்யூட்டர் குலுக்கலில் அவன் பெயர் விழுந்திருந்தது. விழுந்தால் விழுந்ததுதான். அந்த நிமிஷமே கிளம்பிக் கிளினிக்குக்குப் போக வேண்டும். காப்பி குடித்துவிட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லக் கூடாது. வர மாட்டேன் என்றால் தோற்றதாகவே எழுதிவிடுவார்கள். டெல்மருக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். முப்பது வருஷமாக லாரி ஓட்டுகிறான். எத்தனையோ முறை பெயர் விழுந்திருக்கிறது, எத்தனையோ கிண்ணங்களை நிரப்பிக் கொடுத்திருக்கிறான். ஒரு முறைகூடப் பயப்பட வேண்டி வந்ததில்லை. மறுநாள் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும் என்றால் முந்தின நாள் மச்சினன் கல்யாணத்தில்கூட பீர் தொடாத ஆள். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிற கர்வம்.

அப்படியானால் வெள்ளிக்கிழமைதோறும் சாப்பிடுகிற அந்த மிட்டாய்? அதைச் சொல்லாமல் விட முடியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஏற்றின குழாய்களுக்கு மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டும்போது கால் வழுக்கி மல்லாக்க விழுந்தான். முதுகெலும்பில் இரண்டு வட்டு நசுங்கியது. டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டால் வலி போனது, கூடவே டெல்மரும் போனான். பேரப்பிள்ளை வந்து மடியில் ஏறினால்கூடத் தெரியாமல் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி ரோவீனாதான் அந்தப் பாட்டிலைத் தூக்கிக் குப்பையில் வீசினாள். பிறகு தூக்கம் போனது. வலி ராத்திரியெல்லாம் இடுப்பில் உட்கார்ந்து கதை பேசியது. கடைசியில் அதே டாக்டர் கையெழுத்துப் போட, ஓக்லஹோமா மாநிலமே போட்டோ ஒட்டி ஓர் அட்டை கொடுத்தது. கஞ்சா மருந்து வாங்கலாம், வைத்திருக்கலாம், சாப்பிடலாம். அவர்கள் இருந்த ஓக்மல்கி ஊரில் ரொட்டிக் கடையைவிட அந்த மருந்துக் கடைகள்தான் அதிகம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பூட்ஸைக் கழற்றி, வண்டிச் சாவியை ரோவீனாவிடம் ஒப்படைத்த பிறகு ஒரே ஒரு கஞ்சா மிட்டாய், பீச் பழ ருசியில். பச்சைக் குழந்தை மாதிரித் தூங்குவான். எழுந்து தோட்டத்தில் தக்காளிக்குத் தண்ணீர் விடுவான், பாட்டுப் பாடுவான். சனிக்கிழமை மிட்டாய் கிடையாது. திங்கட்கிழமை வண்டி. மிட்டாய் ஆரம்பித்த பிறகு குலுக்கலில் அவன் பெயர் விழுந்தது இதுதான் முதல் தடவை.

இந்த இடத்தில்தான் அவன் கணக்குப் போட்டிருந்தான். லாரிக்காரனுக்கு வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் ஓட்டலாம் என்று ஒரு வரம்பு. வண்டியில் பொருத்தியிருக்கிற மீட்டர் ஒவ்வொரு நிமிஷத்தையும் கூட்டிக்கொண்டே போகும். ஆனால் சேர்ந்தாற்போல் முப்பத்திநாலு மணி நேரம் வண்டியைத் தொடாமல் இருந்தால் மீட்டர் சைபருக்கு வந்துவிடும். வாரம் பூராவும் ஓட்டின களைப்பு, கணக்கு, பாவம் எல்லாம் கழுவின மாதிரி. முப்பது வருஷமாக இந்த முப்பத்திநாலை வைத்தே அவன் வாழ்க்கை ஓடியது. பிள்ளைகள் பிறந்தது, கல்யாணம், கருமாதி எல்லாம் இந்த முப்பத்திநாலுக்குள் அடங்கினவைதான். அப்படிப்பட்டவனுக்கு வெள்ளிக்கிழமை மிட்டாயும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சைபராகிவிடும் என்று தோன்றியதில் என்ன ஆச்சரியம்? யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. சூரியன் கிழக்கே உதிக்குமா என்று யாராவது போய்க் கேட்பார்களா?

வரவேற்பறையில் பூன் உட்கார்ந்திருந்தான். எண்ணெய் டேங்கர் ஓட்டுகிறவன், வாய்க்கொழுப்புக்காரன், டெல்மரைவிடப் பதினைந்து வயது சின்னவன். அவன் பெயரும் குலுக்கலில் விழுந்திருந்தது.

"என்ன பெருசு, விசிலெல்லாம் பலமா இருக்கு?"

"மடியில கனம் இருந்தாத்தானடா வழியில பயம். நம்ம கணக்கெல்லாம் சுத்தம். வெள்ளிக்கிழமை ஒண்ணு, அப்புறம் முப்பத்திநாலு மணி நேரம், மீட்டர் சைபர்."

பூன் அவனை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "என்ன ஒண்ணு?"

டெல்மர் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான், அட்டை இருக்கிற இடம். பூனின் முகம் முதலில் சுருங்கியது, பிறகு விரிந்தது, பிறகு அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

"அட கடவுளே! யோவ் பெருசு, அது மீட்டர் இல்லய்யா, ரத்தம்! பீர்னா மறுநாளே ஓடிரும். இது கொழுப்புல போய் ஒளிஞ்சுக்கும்யா. மூணு வாரம், நாலு வாரம் கெடக்கும். உன் தொப்பையைப் பாத்தா கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்கும்!"

"போடா, சும்மா கதை விடாத."

"கதையா? உள்ள போய் அந்த நர்ஸக் கேளு."

டெல்மர் கேட்கவில்லை. மூடின கதவைப் பார்த்தான். அதற்குப் பின்னால் எங்கேயோ அவன் கையெழுத்தோடு இரண்டு குப்பிகள் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன. அட்டை செல்லாதா என்று மெதுவாகக் கேட்டான். பூன் இப்போது சிரிப்பதை நிறுத்திவிட்டிருந்தான். "அட்டை உன் வீட்டுக்குச் செல்லும். லாரிக்குச் சட்டம் வாஷிங்டன்ல, மத்திய சர்க்காரு போடுறது. அவனுக்கு உன் மாநிலம் குடுத்த அட்டையும் ஒண்ணுதான், சிகரெட் அட்டையும் ஒண்ணுதான்." எழுந்து வந்து டெல்மரின் தோளில் கை வைத்தான். "முடிவு வர ரெண்டு மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் ஓட்டலாம். நல்லா ஓட்டிக்க."

நல்லா ஓட்டிக்க. இழவு வீட்டில் சொல்கிற மாதிரி இருந்தது டெல்மருக்கு.

அன்றைக்கே குழாய் லோடு ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பினார்கள். ரோவீனாவும் கூட வந்தாள். மகள்கள் இருவரும் கல்யாணமாகிப் போன பிறகு அவள் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று லாரி லைசென்ஸ் எடுத்திருந்தாள். முதல் தடவையிலேயே பாஸ். டெல்மர் இரண்டாவது தடவையில்தான் பாஸானவன். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, அவள் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். கம்பெனிக் கணக்கில் இருவரும் ஜோடி டிரைவர்கள். கணக்கில்தான். நிஜத்தில் ஸ்டியரிங் டெல்மருடையது. வண்டி காலியாக இருந்து, ரோடு கோடு போட்ட மாதிரி இருந்து, காற்றும் இல்லாமல் இருந்தால் அவளிடம் கொஞ்ச நேரம் கொடுப்பான். கொடுத்துவிட்டு அவன் படுகிற பாட்டைப் பார்த்து அவளே திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

வழியெல்லாம் அவன் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வாயெடுப்பான், எதிரே ஒரு பாலம் வரும், விட்டுவிடுவான். செல்போன் அடிக்கும்போதெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. முதல் போன் பல் டாக்டர் ஆபீஸ். அடுத்தது சின்ன மகள். குழந்தை மூக்கில் பட்டாணியைத் திணித்துக்கொண்டதாம். மூன்றாவது, உங்கள் கார் இன்சூரன்ஸ் முடியப்போகிறது என்று எங்கிருந்தோ பேசுகிற ஒரு குரல். அந்தக் குரலிடம் டெல்மர் அவ்வளவு அன்பாகப் பேசினான், குடும்பமெல்லாம் சௌக்கியமா என்று விசாரித்தான். ரோவீனா சூரியகாந்தி விதை கடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னய்யா ஆச்சு உனக்கு? வழக்கமா அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவ."

"பாவம், அவனும் பொழைக்கணும்ல?"

அவள் விதைத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பினாள். முப்பத்தைந்து வருஷக் குடித்தனம் அது. அவளுக்கு விஷயம் தெரியாதே தவிர, விஷயம் இருக்கிறது என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

குழாய்களை இறக்கிவிட்டுத் திரும்பும் லோடுக்கு ஆரஞ்சுத் தோப்புக்குப் போனார்கள். தேனீ லோடு, பூக்காலத்துக்காகத் தோப்பில் வைத்திருந்த தேனீப் பெட்டிகள். பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது, இனி பெட்டிகளை ஓக்லஹோமாவின் மேற்குக் கோடியில் இருக்கிற தீவன வயல்களுக்குக் கொண்டுபோக வேண்டும். பொழுது சாய்ந்து தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பினால்தான் பெட்டியைத் தூக்க முடியும். அதுவரை வேலையில்லை. தோப்பு ஓரமாக இருவரும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சோள ரொட்டியும் பீன்ஸும் சாப்பிட்டார்கள். மிச்சமிருந்த பூக்களின் வாசனை ஆளைத் தூக்கியது. டெல்மரின் இடுப்பு அன்றைக்கு மோசமாக இருந்தது. நாற்காலியில் இப்படியும் அப்படியும் நெளிந்தான்.

"சரி, கக்கு" என்றாள் ரோவீனா.

கக்கினான். கிண்ணம், பூன், கொழுப்பு, கிறிஸ்துமஸ், எல்லாவற்றையும். அவள் திட்டுவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தான். அவள் கரண்டியைத் தட்டில் வைத்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தான். அவள் சிரித்தாள், நாற்காலி முறிந்துவிடும் போலச் சிரித்தாள்.

"முப்பத்திநாலு மணி நேரமா! அட மக்கு! அதைவிடப் பெரிய மக்கு நான். நானும் அதையேதான்யா நம்பினேன்! ஞாயித்துக்கிழமை காலைல மணியைப் பாத்து, சரி, இவன் சுத்தமாயிட்டான்னு மனசுக்குள்ள டிக் அடிப்பேன். லாரி ரெண்டு பேருக்கும் புத்தியவே தின்னுருச்சு."

அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "ரோ, ஸ்டியரிங்கப் பிடுங்கிட்டா நான் என்ன செய்வேன்? எனக்கு வேற என்ன தெரியும்? யாராவது நீ யாருன்னு கேட்டா டிரைவர்னுதான சொல்வேன்? அதுக்கப்புறம் என்ன சொல்வேன்?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். தன் தட்டிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவன் தட்டில் வைத்தாள். பிறகு, "போன் வரும்போது தேனீ ஏறியிருந்தா?" என்றாள்.

"ஏறியிருந்தா என்ன?"

"யார் ஓட்டுறது?"

அவன் அவளைப் பார்த்தான். "தேனீ லோடா? நீயா? விளையாடாத. பிரேக்க அழுத்தினா பெட்டி ஆடும், பெட்டி ஆடினா அதுகளுக்குக் கோபம் வரும். வெயில்ல நிறுத்தவே கூடாது, காத்து இல்லன்னா வெந்து செத்துரும். அது கைக்குழந்தைய எடுத்துட்டுப் போற மாதிரி."

"கைக்குழந்தை ரெண்டைத் தூக்கிட்டு உன் பின்னாடி ஊர் ஊரா அலைஞ்சவ நான்" என்றாள் ரோவீனா, மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள்.

போன், அவர்கள் அரிஸோனா மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது வந்தது. நானூறு பெட்டி, மேலே கறுப்பு வலை, நல்ல வெயில். திரையில் தெரியாத எண். ரோவீனா எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள். சோதனை முடிவுகளைப் பார்க்கிற ஒரு டாக்டரின் குரல், சாந்தமான, கொஞ்சம் அலுப்பான குரல். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் முதலில் ஓரமாக நிறுத்துங்கள், பிறகு பேசலாம் என்றார். டெல்மர் அடுத்த பிரிவுச் சாலையில் இறங்கி, ஒரு மூடின பெட்ரோல் பங்குக்கு முன்னால் நிறுத்தினான். பிறந்த தேதி கேட்டார். சொன்னான். ஆய்வில் கஞ்சா தெரிகிறது, ஏதாவது மருந்துச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார்.

"மாநில அட்டை இருக்குங்க. போட்டோவோட. ஓட்டும்போது ஒரு நாளும் தொட்டதில்லீங்க, வீட்டுல மட்டும்தான், முதுகு வலிக்கு."

"நம்புறேங்க. ஆனா அந்த அட்டைய நான் ஏத்துக்க முடியாது. சட்டம் அப்படி. உங்க கம்பெனிக்கு இப்பவே சொல்லியாகணும்." ஒரு நொடி நிறுத்தினார். "முதுகு எப்படி இருக்கு இப்ப?"

"பரவால்லீங்க" என்றான் டெல்மர். மரியாதைக்குத்தான் சொன்னான்.

அவ்வளவுதான். முப்பது வருஷம் முடிய அவ்வளவு நேரம்தான் ஆயிற்று. டெல்மரின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. எடு என்று அவனே தனக்குச் சொல்லிக்கொண்டான். கை கேட்கவில்லை. கம்பெனியில் டிரைவர்களின் பாதுகாப்பு விதிகளைக் கவனிக்கிற ட்ரூடியின் போன் வந்தது. கணவனை இழந்த நாளில் டெல்மர் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டவள் அவள். "அண்ணே, வண்டி நிக்குதா? நல்லது. இனி நீங்க அதை நகத்தக் கூடாது அண்ணே. ஒரு அடி கூட. அண்ணி பேரு லிஸ்ட்ல இருக்கு, அவங்க ஓட்டலாம். மன்னிச்சிருங்க அண்ணே." சரிம்மா, நீ என்ன பண்ணுவ என்றான் டெல்மர். போனை வைத்த பிறகும் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. ரோவீனா அவசரப்படுத்தவில்லை. அவள் தன் பக்கத்துக் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேனீக்கள் மட்டும் சும்மா இருந்திருந்தால் அவன் பொழுது சாயும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பான். அவை சும்மா இருக்கவில்லை. வண்டி நின்றதும் காற்று நின்றது. முதலில் ஒரு முனகல். பிறகு அது கொதிக்கிற உலைச் சத்தமாக மாறியது. வலைக்குள்ளே பெட்டிகளின் வாயிலிருந்து அவை கொத்துக் கொத்தாக வெளியே வந்து அப்பிக்கொள்ள ஆரம்பித்தன.

"டெல்மர்," என்றாள் ரோவீனா, "அதுகளுக்கு உன் துக்கம் தெரியாதுய்யா. எந்திரி."

எழுந்தான். குறுகலான கேபினில் இரண்டு பருத்த உடம்புகள் இடம் மாறுவது லேசில்லை. நடுவில் மாட்டிக்கொண்டார்கள். "வயித்த உள்ள இழு." "இழுத்தாச்சுடி, இவ்வளவுதான் போகும்." "என் காலு, என் காலு." ஒரு வழியாக அவள் சீட்டில் விழுந்தாள். அந்த சீட் வருஷக்கணக்காக டெல்மரின் உடம்புக்குப் பள்ளம் விழுந்த சீட். அவள் பொத்தானை அழுத்தி அதை உயர்த்தினாள், முன்னால் இழுத்தாள், முதுகுப் பக்கத்தை நிமிர்த்தினாள். பிறகு கண்ணாடிகள். இடது, வலது, கீழே உள்ள சின்னது. ஒவ்வொன்று திரும்பும்போதும் டெல்மருக்குப் பல் பிடுங்குகிற மாதிரி இருந்தது. பழைய கோணத்தை நினைவில் வைத்துக்கொள்ளப் பார்த்தான். இரண்டாவது கண்ணாடிக்குள்ளேயே மறந்துவிட்டான்.

"ரெண்டாவதுல எடு, இந்த மேட்டுக்கு..."

"நீ பேசாத."

"இல்ல, கிளச்ச மெதுவா..."

"ஒரு வார்த்தை பேசின, உன்னைக் கொண்டு போய்ப் பின்னால அதுகளோட உக்கார வச்சுருவேன்."

வண்டி நகர்ந்தது. பெட்டி ஒன்றுகூட ஆடவில்லை. வலைக்குள் காற்று புகுந்ததும் சத்தம் மெல்ல அடங்கியது. ஏற்றத்தில் அவள் கியர் மாற்றிய ஒவ்வொரு தடவையும் டெல்மரின் இடது கால் தானாக எழுந்து தானாக அழுத்தியது. இறக்கத்தில் வலது கால் தரையை மிதிமிதியென்று மிதித்தது. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள், "அங்க பிரேக் இல்லய்யா, தரை ஓட்டையாயிரப் போகுது" என்றாள். அவள் கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, அவளுக்கும் பயம்தான். பயத்தோடுதான் ஓட்டுகிறாள். அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் வாங்கிக் குடித்தாள்.

உச்சி தாண்டிச் சமவெளி வந்தபோது அவள் தோள் இறங்கியது. ஒரு லாரியை முந்தினாள். பிறகு இன்னொன்றை. லேசாக ஏதோ பாட்டை முணுமுணுக்கக்கூட ஆரம்பித்துவிட்டாள். டெல்மர் செய்ய வேலை இல்லாமல் ஜன்னல் வழியே பார்த்தான். ஒரு சின்ன மேடு, அதன் தலையில் நீலக் கூரை போட்ட குட்டித் தேவாலயம், வாசலில் மூன்று ஆடுகள்.

"ஏய், அங்க ஒரு கோயில் இருக்கு!"

"எப்பவும் இருக்கு."

"முப்பது வருஷமா இந்த வழியா போறேன், பாத்ததே இல்லையே."

"நீ ரோட்டப் பாத்த. நான் மத்ததெல்லாம் பாத்தேன்" என்றாள் அவள். "இன்னும் கொஞ்ச தூரத்துல ஒருத்தன் தோட்டத்துல பழைய விமானம் நிக்கும் பாரு. அதுல கோழி வளக்குறான்."

நிஜமாகவே விமானம் நின்றது. நிஜமாகவே அதில் கோழி இருந்தது. டெல்மர் கழுத்தைத் திருப்பி அது மறையும்வரை பார்த்தான். மனசில் பாதி ரணமாகவும் பாதி திருவிழாவுக்குப் போகிற பையனைப் போலவும் இருந்தது. எதை முதலில் உணர்வது என்று அவனுக்கே குழப்பம்.

சாயங்காலமாக அவள் கேட்டாள். "இனி என்ன வழி? ட்ரூடி ஏதோ மெசேஜ் அனுப்பியிருக்காளே."

அவன் படித்துச் சொன்னான். ஆலோசகர் ஒருவரைப் பார்க்க வேண்டும். அவர் சொல்கிற வகுப்புக்குப் போக வேண்டும். பிறகு ஒரு ஆள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, கிண்ணத்தை நிரப்ப வேண்டும். அதில் பாஸானால் மறுபடி ஓட்டலாம். அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள். மிட்டாயை மறந்துவிட வேண்டும், வெள்ளிக்கிழமையும் சேர்த்து.

"அந்த மாத்திரைய டாக்டர் எழுதிக் குடுத்தா?"

"அதுக்குச் சீட்டு உண்டாம். டாக்டர் சரின்னா ஓட்டலாமாம்."

"உன்னைப் பிள்ளையாரா ஆக்கிச்சே, அதுவா?"

"அதேதான்."

ரோவீனா வாய்க்குள் ஒரு வார்த்தை சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது. பிறகு, "நீ வகுப்புக்குப் போனாலும் சரி, போகாட்டியும் சரி. ஆனா தூங்கணும். விடிய விடிய உருண்டுக்கிட்டே கெடக்குற ஆளு பக்கத்துல படுத்து எனக்கும் மூணு வருஷம் போச்சு" என்றாள். ஸ்டியரிங்கா தூக்கமா என்று யாராவது ஒரு நாள் தன்னிடம் கேட்பார்கள் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னான். ராத்திரி குளிர்ந்த பிறகு ஓர் ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தினாள், மேல் படுக்கையில் ஏறிப் படுத்த அடுத்த நிமிஷமே குறட்டை விட்டாள். டெல்மர் கீழ்ப் படுக்கையில் அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு கிடந்தான்.

மறுநாள் காலை, மேகமூட்டமாக இருந்தபோது வயலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தேனீக்காரர் ஆர்லோ, ஒட்டடைக் குச்சி மாதிரி உயரமான மனிதர், முகவலையைத் தொப்பிமேல் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். மண் பாதை, இரண்டு பக்கமும் கால்வாய், கடைசியில் வண்டியை ரிவர்ஸிலேயே வளைத்து விட வேண்டும். டெல்மர் கீழே இறங்கி நின்றுகொண்டான். கை காட்டலாமா என்று கையைத் தூக்கினான், பிறகு பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். ரோவீனா ஒரு முறை முன்னால் எடுத்தாள், ஒரு முறை திருத்தினாள், அவ்வளவுதான். டிரெய்லர் வேலியோரமாகப் போய்ப் படுத்துக்கொண்டது. டெல்மராக இருந்தால் இரண்டு முறை திருத்தியிருப்பான். இதையும் அவன் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஆர்லோ வலையை விலக்கி, வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். குனிந்து பெட்டிகளின் அடியில் செத்து விழுந்தவற்றைக் கையால் அள்ளிப் பார்த்தார். ஒரு பிடிகூட இல்லை. நேராக டெல்மரிடம் வந்து கையை நீட்டினார்.

"இருபது வருஷமா பெட்டி எறக்குறேன். இவ்வளவு பதமா வந்து சேந்ததில்ல. ஒரு பெட்டி நகரலயே! கையக் குடுங்க டிரைவர்."

டெல்மரின் கை பழக்கதோஷத்தில் பாதி தூரம் போய்விட்டது. அங்கேயே நின்றது. எதிரே ஆர்லோவின் கை நீண்டிருந்தது, நகத்தில் தேன் மெழுகு. வாங்கிக்கொண்டால் என்ன, யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றத்தான் செய்தது.

"ஆளு மாறிப்போச்சுங்க" என்றான். "டிரைவர் அவங்க. நான் சும்மா கூட வந்தவன்."

சொல்லி முடித்ததும் எங்கேயோ வலித்தது. வலித்த இடத்திலேயே என்னவோ லேசாகவும் இருந்தது. ஆர்லோ தொப்பியைத் தொட்டுக்கொண்டு கேபினை நோக்கி நடந்தார். மேலே ஜன்னல் வழியாக ரோவீனா கையைத் தொங்கவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள், ராணி மாதிரி. அவர் தலைக்கு மேலாக டெல்மரைப் பார்த்தாள். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாள்.

பெட்டிகள் இறங்கி, பெல்ட்டெல்லாம் சுருட்டி வைத்த பிறகு டெல்மர் தன் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறப்போனான். "எங்க ஏறுற?" என்றாள் அவள். "முன்கண்ணாடியப் பாரு, ஊர்ப் பூச்சியெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கு. ரோடே தெரியல எனக்கு. அதைத் துடைக்கிறது யாரு, உங்க அப்பனா?"

டெல்மர் வாளியும் நீளக் கைப்பிடித் துடைப்பானும் எடுத்துக்கொண்டு பம்பர் மேல் ஒரு காலை ஊன்றி ஏறினான். முதுகு முணுமுணுத்தது, சரிதான் போ என்றான். சோப்புத் தண்ணீரை அடித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் நுரையில் மறைந்தது. இழுத்தான், நெற்றி தெரிந்தது. இன்னொரு இழுப்பு, கண்ணும் மூக்கும். முழுசாகத் தெரிந்ததும் அவள் உள்ளேயிருந்து ஒரு விரலால் கண்ணாடியைத் தட்டிக் காட்டினாள், இங்கே. துடைத்தான். விரல் நகர்ந்தது, இங்கே. துடைத்தான். இன்னும் கொஞ்சம் மேலே, இங்கே. அங்கே ஒன்றுமே இல்லை, சுத்தமாகத்தான் இருந்தது. அவன் துடைப்பானை அழுத்தி அதையும் துடைத்தான்.